8 வாரங்களில் மனம் இலேசாகுமா?

சூடான காப்பியை ஒரு டம்ளரில் ஊற்றி மேசைமேல் வையுங்கள். அதன் எதிரே அமர்ந்து கண்களை மூடி, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் 10 நிமிடம் கவனியுங்கள். பிறகு டம்ளரைத் தொட்டுப் பாருங்கள். காப்பி ஆறியிருக்கும். உங்கள் மூச்சுக் கவனம்தான் காப்பியை ஆற்றியது என்று யாரேனும் சொன்னால் சிரிப்பீர்கள் அல்லவா? சுற்றுப்புறத்தைவிடச் சூடான பொருள் தானாகவே ஆறும் என்பது நியூட்டனின் குளிர்தல் விதியைப் படித்தவர்க்கும் படிக்காதவர்க்கும் தெரிந்ததே. ஐயம் இருப்பின், அதே அளவு காப்பியை இன்னொரு டம்ளரில் ஊற்றி ஆளில்லாத பக்கத்து அறையில் வைத்துப் பார்த்துவிடலாம். அந்த இரண்டாவது டம்ளரை இக்கட்டுரை முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு பருவத் தேர்வுக்கு முன்னர், நான் பணியாற்றும் கல்லூரிக்குப் பயிற்சியாளர் ஒருவர் வந்திருந்தார். 'மைண்ட்ஃபுல்னெஸ்' எனப்படும் தியான முறையை மாணவர்க்குக் கற்பிப்பது அவர் தொழில். மூச்சைக் கவனிக்கச் சொன்னார். மாணவர்களும் அமைதியாகவே செய்தனர். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. பிறகு திரையில் இரண்டு மூளைப் படங்களைக் காட்டினார். 8 வாரம் பயின்றால் மூளையின் ஒரு பகுதி பருக்கும், மன அழுத்தம் அகலும், வாழ்க்கைத் தரம் உயரும், இவையெல்லாம் அமெரிக்காவில் விஞ்ஞான முறைப்படி நிரூபிக்கப்பட்டவை என்றார். கூட்டம் முடிந்ததும் மாணவர் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டு, "உண்மைதானா சார்?" என்று கேட்டனர். "விஞ்ஞான இதழில் வந்திருந்தால் உண்மையாகத்தான் இருக்கும்" என்று கூறி அனுப்பிவிட்டேன். அந்த இதழ்களில் ஒன்றையும் நான் அதுவரை புரட்டியதில்லை.

ஒரு மாதம் கழித்து இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஆய்வகத்தில் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். இரண்டு தாள்களில் அரியர் வைத்திருந்தவள். "சார், அவர் சொன்ன மாதிரியே தினமும் 20 நிமிஷம் செஞ்சேன். ஒரு நாள்கூட விடலை. பயம் போகலை. எல்லாருக்கும் சரியாகுதுன்னா, என் மனசுதான் சரியில்லையோ?" என்றாள்.

அவளுக்கு என்ன மறுமொழி சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. ஏதோ ஆறுதலாகச் சொல்லியிருப்பேன். ஆனால் நான் படிக்காமல் தந்த சான்றிதழ் ஒன்று அந்தப் பெண்ணின் தலையில் போய் விழுந்திருக்கிறது என்பது மட்டும் உறுத்தியது. அதன் பிறகே மூல ஆய்வுகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் மருத்துவனும் அல்லன், உளவியல் அறிஞனும் அல்லன். அளவீடு செய்வதையும் அதிலுள்ள பிழைகளைத் தேடுவதையும் மாணவர்க்குக் கற்றுத்தருபவன். அந்தக் கண் கொண்டே பார்த்தேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பௌத்த நூல்களில் பாலி மொழியில் 'ஸதி' என்று ஒரு சொல் உண்டு, வடமொழியில் 'ஸ்மிருதி'. நேர்ப்பொருள் நினைவு. (தமிழெழுத்தில் 'சதி' என்று எழுதினால் பொருள் விபரீதமாகிவிடும்!) இலங்கையில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்தபோது பாலி பயின்ற ரைஸ் டேவிட்ஸ் என்பவர் 1881-இல் இதனை ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று பெயர்த்தார். இலங்கையிலேயே வாழ்ந்த ஜெர்மானியத் துறவி ஞானபோனிக தேரர் 1954-இல் வெளியிட்ட நூல், நிகழ்வதை நல்லது கெட்டது என்று தீர்ப்புக் கூறாமல் வெறுமனே கவனிப்பது என்னும் கருத்தை மேலை நாட்டவர்க்கு அறிமுகப்படுத்தியது. நம்மிடையே இதற்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. நான் 'மனவிழிப்பு' என்றே எழுதுகிறேன்.

சமயத்திலிருந்து இதனைப் பிரித்து மருத்துவமனைக்குள் கொண்டு வந்தவர் ஜான் கபாட்-ஸின். இவர் துறவி அல்லர். நோபல் பரிசு பெற்ற சால்வடார் லூரியாவிடம் பயின்று, 1971-இல் மூலக்கூறு உயிரியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் வூஸ்டர் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 1979-இல் ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். மற்ற மருத்துவத்தால் குணம் காணாத நோயாளிகள் அவரிடம் அனுப்பப்பட்டனர். 8 வாரப் பயிற்சி. வாரம் ஒரு முறை சுமார் இரண்டரை மணி நேர வகுப்பு. இடையில் ஒரு முழுநாள் மௌனம். வீட்டில் வாரத்தில் 6 நாட்கள் 45 நிமிடப் பயிற்சி. ஓர் உலர்ந்த திராட்சையைக் கையில் வைத்து, நோக்கி, முகர்ந்து, மெல்ல மென்று சுவைப்பதில் பாடம் தொடங்கும். பிறகு கால் விரலிலிருந்து உச்சந்தலை வரை உடலை மனத்தால் தொட்டுச் செல்லுதல், எளிய யோகாசனங்கள், மூச்சைக் கவனித்தல் என்று விரியும்.

இவற்றையெல்லாம் விளக்கி அவர் 1990-இல் எழுதிய பெருநூல் 'ஃபுல் கெடாஸ்ட்ரஃபி லிவிங்'. வாழ்வின் துன்பங்கள் அனைத்தையும் ஏற்று வாழ்தல் என்று அத்தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். 'ஸோர்பா' என்ற திரைப்படத்தில் வரும் ஒரு பேச்சிலிருந்து எடுத்தது. இந்நூலைக் குறை சொல்லும் முன் அதன் நிறையைச் சொல்லிவிட வேண்டும். மந்திரம், மாயம் எதுவும் இதில் இல்லை. நோய் தீரும் என்று ஆசிரியர் உறுதி தரவில்லை. எளிது என்றும் சொல்லவில்லை. பயிற்சி உங்களுக்குப் பிடிக்க வேண்டியதில்லை, செய்தால் போதும் என்பதே அவர் நிலை. நாளுக்கு 5 நிமிடத்தில் நிம்மதி என்று விற்பவர்கள் இவருக்குப் பின்னால் வந்தவர்கள். வலியால் துன்புறுவோரிடம் அவர் காட்டும் பொறுமையைப் பல மருத்துவர்கள் கற்றுக்கொள்ளலாம்.

ஆயினும் நூலின் பலம் கதைகளில் இருக்கிறது, அளவீடுகளில் இல்லை. நோயாளி ஒருவர் வருகிறார், துன்பத்தைச் சொல்கிறார், 8 வாரம் பயில்கிறார், தெளிவடைகிறார். நமக்கும் மனம் நெகிழ்கிறது. நடுவில் விட்டுச் சென்றவரின் கதையும், 8 வாரம் முடித்தும் மாறாதவரின் கதையும் இவற்றுக்கு ஈடான எண்ணிக்கையில் இல்லை. இன்னொரு முரணும் உண்டு. எதையும் அடைய முயலாதே என்பது அவர் கூறும் 7 மனப்பாங்குகளுள் ஒன்று. ஆனால் நோயாளியின் துன்பத்தைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்து, எவ்வளவு குறைந்தது என்று கணக்குக் காட்டுவதில்தான் இம்முறை மருத்துவமனையில் இடம் பெற்றது. பௌத்தத் துறவி இதைப் பொருட்படுத்தமாட்டார். சிகிச்சை என்று பெயர் சூட்டிய பின் நாம் பொருட்படுத்தியாக வேண்டும்.

அந்தக் கணக்கு எப்படிப்பட்டது? அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை 1982-இல் வெளிவந்தது. நெடுநாள் வலியுடைய நோயாளிகள் 51 பேர். 10 வார முடிவில், மெல்ஸாக் என்பார் வகுத்த வலிக் குறியீட்டெண் 65 விழுக்காட்டினருக்கு மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தது. 50 விழுக்காட்டினருக்குப் பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. பார்த்தவுடன் வியப்பூட்டும் எண்கள்தான். ஆனால் பயிற்சி பெறாமல் அதே காலத்தைக் கழித்த வேறு 51 பேர் எங்கே? இல்லை. நம் இரண்டாவது டம்ளர் அங்கே இல்லை.

மக்கள் மருத்துவரைத் தேடுவது எப்போது? வலியோ துயரமோ உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்தில் இருக்கும் எதுவும் அடுத்த முறை அளக்கும்போது சற்றுத் தாழ்ந்தே இருக்க வாய்ப்பு அதிகம். இதைப் புரிந்துகொள்ள மாணவர்கள் தம் மதிப்பெண் பட்டியலையே பார்க்கலாம். ஒரு தேர்வில் மிகக் குறைவாக வாங்கிய 10 பேரைத் தனியே பிரித்து, அவர்களுக்கு ஒன்றும் சொல்லித் தராமல் அடுத்த தேர்வை எழுதச் செய்தாலும், அவர்களின் சராசரி சற்று உயரும். அன்று காய்ச்சலில் எழுதியவனும் கேள்வித்தாள் ஒத்துவராதவளும் அந்தப் பத்துப் பேரில் இருப்பார்கள் அல்லவா? இடையில் நான் அவர்களுக்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தால், உயர்வு முழுவதையும் மாத்திரையின் கணக்கில் எழுதிவிடலாம்!

பின்வந்த ஆய்வாளர்கள் இந்தக் குறையை உணர்ந்தே இருந்தனர். பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை உடனே சேர்த்துக்கொண்டு, மறு பாதியினரைக் காத்திருக்கச் செய்வது ஒரு வழி. இது இரண்டாவது டம்ளர்தான். ஆனாலும் இதில் ஓட்டை உண்டு. டம்ளருக்கு எதிர்பார்ப்பு கிடையாது, மனிதனுக்கு உண்டு. பயிற்சியில் சேர்ந்தவருக்கு வாரந்தோறும் அன்பான ஓர் ஆசிரியர் கிடைக்கிறார், தம்மைப் போன்றே துன்புறும் 20 தோழர்கள் கிடைக்கிறார்கள், 'எனக்காக ஏதோ செய்யப்படுகிறது' என்ற நம்பிக்கை கிடைக்கிறது. காத்திருப்பவருக்குக் கிடைப்பது காத்திருப்பு மட்டுமே. முடிவில் வேறுபாடு தெரிந்தால், அது மூச்சைக் கவனித்ததால் வந்ததா, ஆசிரியராலும் தோழராலும் வந்ததா?

இக்கேள்விக்கு விடை காண விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டேவிட்சன் குழுவினர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. டேவிட்சன் மனவிழிப்பின் எதிரி அல்லர். 2003-இல் கபாட்-ஸின்னுடன் சேர்ந்து ஆய்வு வெளியிட்டவர், தாமே தியானம் செய்பவர். அவர் குழுவினர் மூன்றாவது டம்ளர் ஒன்றைச் செய்தனர். அதே 8 வாரம், அதே வகுப்பு நேரம், அதே அளவு வீட்டுப் பயிற்சி, அதே ஆர்வமுள்ள ஆசிரியர்கள். ஆனால் தியானம் மட்டும் இல்லை. அதற்குப் பதில் நடைப்பயிற்சி, உடலசைவுப் பயிற்சி, இசை, உணவு பற்றிய பாடம். 2012-இல் வெளியான முடிவைக் கேளுங்கள். இரு குழுவினருக்கும் மனத்துயர் குறைந்தது, பதற்றம் குறைந்தது, உடல் உபாதைகளும் குறைந்தன. இரு குழுவினருக்கும் இடையே இவற்றில் வேறுபாடு காணப்படவில்லை. தோலில் வெப்பம் கொடுத்து வலியை மதிப்பிடச் சொன்னபோது மட்டும் மனவிழிப்புக் குழுவினர் வலியைச் சற்றுக் குறைத்து மதிப்பிட்டனர்.

தியானம் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. பயன் இருந்தது. ஆனால் நடந்தும் பாட்டுக் கேட்டும் அதே பயனைப் பெற முடிந்தது.

ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்டுவது முறையன்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோயல் முதலானோர் 18,753 வெளியீட்டுக் குறிப்புகளைச் சலித்து, தரமான ஒப்பீட்டுக் குழு கொண்ட 47 ஆய்வுகளைத் தேர்ந்து, 3,515 பேரின் முடிவுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்டனர். மனவிழிப்புப் பயிற்சியால் பதற்றம் 0.38 அளவும், மனச்சோர்வு 0.30 அளவும், வலி 0.33 அளவும் குறைவதாக ஓரளவு நம்பத்தக்க சான்று கிடைத்தது. 0.38 என்றால் என்ன? ஒரு வகுப்பின் மதிப்பெண்களில் திட்ட விலக்கம் 15 என்று கொண்டால், சராசரி ஏறத்தாழ 6 மதிப்பெண் மாறுகிறது என்று பொருள். 6 மதிப்பெண் கேலிக்குரியதன்று. 34 வாங்கியவனைக் கேட்டால் தெரியும். ஆனால் 34 வாங்கியவன் முதல் வகுப்பில் தேறுவான் என்று விளம்பரம் செய்யலாகாது.

அதே தொகுப்பில் மன அழுத்தம், மனநலம் சார்ந்த வாழ்க்கைத் தரம் ஆகிய இரண்டுக்கும் கிடைத்த சான்று பலவீனமானது. எவற்றை முன்னிறுத்தி இப்பயிற்சி விற்கப்படுகிறதோ அவ்விரண்டுமே இவைதாம். உடற்பயிற்சி, மருந்து, பிற உளச் சிகிச்சைகள் ஆகியவற்றைவிட இது மேலானது என்பதற்குச் சான்றே இல்லை.

வெளிவந்த ஆய்வுகளையும் அப்படியே நம்பிவிட முடியாது. 124 ஆய்வுகளை எடுத்து ஆராய்ந்த ஒரு குழு 2016-இல் ஒரு விந்தையைச் சுட்டிக்காட்டியது. அவற்றுள் 108 ஆய்வுகள் சாதகமான முடிவைக் கூறின. அந்த ஆய்வுகளில் பங்கேற்றோர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால், பயிற்சி உண்மையிலேயே வேலை செய்தாலும்கூட ஏறத்தாழ 66 ஆய்வுகள்தாம் சாதகமாக வந்திருக்க வேண்டும். சிறு ஆய்வுகளில் தற்செயலான ஏற்ற இறக்கம் அதிகம் அல்லவா? மற்ற முடிவுகள் மேசை இழுப்பறையில் உறங்குகின்றன என்று கருத இடமிருக்கிறது. நம் மாணவர்கள் ஊசல் சோதனையில் ஒத்துவராத அளவீட்டை அழித்துவிட்டுப் பதிவேட்டை எழுதுவார்களே, அதே நோய்தான்.

அளவுகோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனத்தை அளக்க நம்மிடம் இருப்பது பெரும்பாலும் வினாப்பட்டியல்தான். 'என் கவனம் அடிக்கடி சிதறுகிறது' என்பதற்கு 1 முதல் 5 வரை எண் இடுங்கள் என்பார்கள். 8 வாரம் தன் கவனத்தைக் கவனிக்கப் பழகியவர், சிதறல் முன்போலவே இருந்தாலும், முன்னர் கண்ணில் படாத சிதறல்களையும் இப்போது காண்பார். அவருடைய 3-உம் பழைய 3-உம் ஒன்றாகா. பித்தளைக் கம்பியின் நீள்விரிவை, அதனோடு அதே அடுப்பில் வைத்துச் சூடாக்கிய பித்தளை அளவுகோலால் அளந்தால் என்ன கிடைக்கும்? விரிவே இல்லை என்று கிடைக்கும்.

வினாப்பட்டியலில் நம்பிக்கை இல்லாதவர்கள் மூளைப் படத்தை நம்புகிறார்கள். நம் பயிற்சியாளர் காட்டிய படத்தின் வேர், பாஸ்டன் நகரில் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் இருக்கிறது. 8 வாரப் பயிற்சிக்குப் பின் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியில் சாம்பல் நிறப் பொருளின் அடர்த்தி கூடியதாக அது கூறியது. பயின்றவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 16 பேர். ஒப்பீட்டுக்கு 17 பேர். அவர்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர் அல்லர். முன்னோடி ஆய்வு என்ற அளவில் அது நேர்மையானதே. உலகெங்கும் அதைக் கொண்டு சென்றவர்கள் 16 என்ற எண்ணை மட்டும் விட்டுவிட்டனர். 2022-இல் டேவிட்சன் குழுவினரே இரண்டு ஆய்வுகளை இணைத்து, தியானப் பழக்கம் இல்லாத 218 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று டம்ளர்களாகப் பிரித்துப் பார்த்தனர். மூளையின் அமைப்பில் 8 வாரப் பயிற்சி எந்த மாற்றத்தையும் உண்டாக்கியதாகத் தெரியவில்லை. தாம் நம்பும் ஒன்றைத் தாமே சோதித்து, இல்லை என்று வந்ததையும் அச்சிடுவது எளிதன்று. எங்கள் கல்லூரித் திரையில் காட்ட வேண்டிய படம் அது.

இதுவரை படித்த வாசகர், அப்படியானால் எல்லாம் பொய்யா என்று கேட்கலாம். இல்லை. உறுதியான இடங்களும் உள்ளன. மனச்சோர்வு நோய் 3 முறை அல்லது அதற்கு மேல் வந்து குணமானவர்களிடம், இப்பயிற்சியை உளச் சிகிச்சையோடு இணைத்துக் கொடுத்தபோது, நோய் திரும்பும் அளவு 66 விழுக்காட்டிலிருந்து 37 விழுக்காடாகக் குறைந்ததென்று 2000-இல் டீஸ்டேல் குழுவினர் கண்டனர். 2015-இல் பிரிட்டனில் 424 பேரிடம் நடந்த ஆய்வில், தொடர்ந்து மருந்து உண்டவர்க்கும் இப்பயிற்சி பெற்றவர்க்கும் நோய் திரும்பும் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பதற்ற நோயாளிகள் 276 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், எஸிடலோபிராம் என்ற மருந்துக்கு இப்பயிற்சி தாழ்ந்ததன்று என்று தெரிந்தது. அதில் ஒன்றும் பெறாத மூன்றாம் குழு இல்லை என்பது என் ஆசிரியப் புத்திக்கு உறுத்தத்தான் செய்கிறது. எனினும் மதிக்கத்தக்க முடிவு. (இதைப் படித்துவிட்டு எவரும் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. இந்த ஆய்வுகளில் எல்லாம் மருத்துவர் உடனிருந்தனர்.)

இங்கே தமிழுக்கே உரிய ஒரு குழப்பம் புகுந்துகொள்கிறது. மீண்டும் மீண்டும் வரும் மனச்சோர்வு ஒரு நோய். தேர்வு பயமும் கடன் தொல்லையும் மேலதிகாரியின் சிடுசிடுப்பும் தரும் நெருக்கடி வேறு. ஆனால் நம் செய்தித்தாள்களில் இரண்டுக்கும் 'மன அழுத்தம்' என்ற ஒரே பெயர் வழங்குகிறது. ஆகவே நோய்க்குக் கிடைத்த வலுவான சான்று, பெயர் ஒற்றுமையால், அன்றாட நெருக்கடிக்கும் உரியதாகிவிடுகிறது. நம் பயிற்சியாளர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. சொல்லே அவரை ஏமாற்றியிருக்கலாம்.

'ஸ்ட்ரெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லும் எங்கள் துறையிலிருந்து இரவல் போனதுதான். ஆய்வகத்தில் கம்பியைத் தொங்கவிட்டு அரைக் கிலோ எடைகளை ஒவ்வொன்றாக ஏற்றுகிறோம். ஒரு சதுர மீட்டர் குறுக்குப் பரப்புக்கு எவ்வளவு விசை என்பது தகைவு, அதுவே 'ஸ்ட்ரெஸ்'. அதனால் கம்பியின் நீளம் எவ்வளவு பங்கு கூடியது என்பது திரிபு; அது 'ஸ்ட்ரெயின்'. முன்னது சுமையின் கணக்கு, பின்னது கம்பிக்கு நேர்ந்ததின் கணக்கு. இரண்டையும் குழப்பிய மாணவனுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. ஆனால் இக்கருத்தை மருத்துவத்தில் பரப்பிய ஹான்ஸ் செல்யே குழப்பினார்! அவர் 1936-இல் எலிகளைக் குளிரிலும் காயத்திலும் மிகையான உழைப்பிலும் ஆழ்த்தி, எல்லாவற்றிலும் அட்ரினல் சுரப்பி பருப்பதையும், தைமஸ் சுருங்குவதையும், இரைப்பையில் புண் உண்டாவதையும் கண்டார். எலியின் உடலுக்குள் நேர்ந்த இம்மாற்றத்துக்கு அவர் பிற்பாடு இட்ட பெயர் 'ஸ்ட்ரெஸ்'. உண்மையில் 'ஸ்ட்ரெயின்' என்றே சொல்லியிருக்க வேண்டும், அப்போது ஆங்கிலம் போதிய அளவு தெரியவில்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். சுமைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்ததால் 'ஸ்ட்ரெஸ்ஸர்' என்று இன்னொரு சொல்லையும் உண்டாக்க நேர்ந்தது.

இது வெறும் சொற்சண்டை அன்று. மனவிழிப்பு வேலை செய்யும் இடம் திரிபு, சுமை அன்று. கபாட்-ஸின் இதை மறைக்கவில்லை. நிகழ்வுக்குத் தன்னையறியாமல் துள்ளி எழாமல், நிதானித்து விடையளிக்கக் கற்பதே நோக்கம் என்று ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். இதில் கம்பிக்கும் மனிதனுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நாளை ஏற்றப்போகும் எடையை எண்ணி இன்றே நீளும் கம்பி கிடையாது. மனிதனோ நாளைய எடையை நினைத்து இன்றிரவு உறங்கமாட்டான். ஏற்றப்படாத எடைக்காகவும் நீள்வான். அவ்வகைத் திரிபுக்கு மூச்சைக் கவனிப்பது நல்ல கருவி என்றே நானும் எண்ணுகிறேன். சில மாதங்களாக நானே செய்து வருகிறேன். இரவில் பதிவேடுகளைத் திருத்தும்போது கோபம் சற்றுக் குறைந்திருப்பதாக வீட்டில் சொல்கிறார்கள். இது ஒற்றை டம்ளர் சான்று என்பதால் வாசகர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஆனால் உண்மையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும் எடையை மூச்சு இறக்கி வைக்காது. பிரிட்டனில் 84 பள்ளிகளில் 11 முதல் 13 வயதுள்ள 8,376 மாணவரிடம் நடந்த பேராய்வின் முடிவு 2022-இல் வெளியானது. பள்ளியிலேயே மனவிழிப்புப் பாடம் பெற்றவர்கள், வழக்கமான பாடத்தை மட்டும் பெற்றவர்களைவிட எவ்வகையிலும் மனநலத்தில் மேம்படவில்லை. பெரும்பாலோர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. (ஆசிரியர்களின் சோர்வு மட்டும் சிறிது குறைந்ததாம்!) அதே நாட்டில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியரின் விடைகளை ஆராய்ந்து 2024-இல் வில்லியம் ஃபிளெமிங் எழுதிய கட்டுரை, மனவிழிப்பு முதலிய தனிமனிதப் பயிற்சிகளில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நலமாக இல்லை என்கிறது. இது ஒரே காலத்தில் எடுத்த கணிப்பு என்பதால், பயிற்சிக்குப் போனவர்கள் முன்பே அதிகம் துன்புற்றவர்களாக இருந்திருக்கக் கூடும் என்ற ஐயத்துக்கு இடமுண்டு. எனினும் பணி நேரத்தையோ ஊதியத்தையோ தொடாமல் தியான வகுப்பு வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கும் நிர்வாகங்கள் இதைப் படிக்கலாம்.

சிலருக்குத் தியானத்தின்போது பதற்றம் கூடுவதும் உண்டு. 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2020-இல் இத்தகைய பாதகங்களை ஏறத்தாழ 8 விழுக்காட்டினரிடம் கண்டனர். பிற உளச் சிகிச்சைகளிலும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆகவே அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அப்படி நேர்வதுண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்த மாணவியைப் போலத் தம் மனமே கோணல் என்று எண்ணிக்கொள்வார்கள்.

அந்த மாணவியை இதற்குப் பின் ஒரு நாள் அழைத்து, "என்னம்மா, காலையிலிருந்து உன் நாள் எப்படிப் போகிறது, சொல்" என்றேன். வீட்டிலிருந்து கல்லூரிக்கு இரண்டு பேருந்துகள், 2 மணி நேரம். 6 மணிப் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது 7-க்கு. செய்முறை வகுப்பு எங்களுக்குக் காலை 8.30-க்கு. மாதத்தில் 5, 6 நாட்கள் அவள் தாமதமாக வந்து வெளியே நின்றிருக்கிறாள். நானே நிறுத்தியிருக்கிறேன். பதிவேடு முடியவில்லை, வருகை குறைந்தது, அரியர் விழுந்தது. பயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு மூளையைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆய்வுகளைப் பற்றியும் சொன்னேன். 20 நிமிடம் ஒழுங்காகச் செய்தும் பயம் போகாதவர்கள் ஏராளம், அவர்கள் மனத்தில் குறை ஏதுமில்லை என்று. "அப்போ விட்டுடலாமா சார்?" என்றாள். பிடித்தால் செய், பிடிக்காவிட்டால் விடு என்றேன்.

துறைத் தலைவரிடம் பேசி, தொலைவிலிருந்து வரும் மாணவர் 11 பேரையும் பிற்பகல் செய்முறைக் குழுவுக்கு மாற்றினோம். அதற்கு இரண்டு கடிதங்களும் ஒரு சிறு வாக்குவாதமும் தேவைப்பட்டன. அவள் ஓர் அரியரை முடித்துவிட்டாள். மற்றொன்று வரும் நவம்பரில். மூச்சுப் பயிற்சியை விடவில்லை. இரண்டாவது பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் செய்கிறாளாம்.